டீ, காபி கிடையாது. கடவுள் இன்னும் பேசுகிறார்: யார் இந்த மார்மன்கள்?

ஆன்சைட் வேலைக்காக அமெரிக்கா போய் மேரியாட் ஹோட்டலில் தங்கியவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அறை டிராயரில் பைபிளோடு இன்னொரு புத்தகமும் இருக்கும். பெயர், 'புக் ஆஃப் மார்மன்'. காரணம் எளிது. அந்த ஹோட்டல் குழுமத்தைத் தொடங்கிய ஜே. வில்லார்ட் மேரியாட் ஒரு மார்மன்.

ஆபீஸ் டிரெய்னிங்கில் அடிக்கடி அடிபடும் '7 ஹேபிட்ஸ்' புத்தகத்தை எழுதிய ஸ்டீபன் கவியும் மார்மன்தான். ஸ்டார்ட்அப் உலகம் ஓயாமல் சொல்லும் 'டிஸ்ரப்டிவ் இன்னொவேஷன்' என்ற கருத்தைத் தந்த ஹார்வர்ட் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன், 'ட்வைலைட்' நாவல்களை எழுதிய ஸ்டெபனி மேயர், 2012 அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற மிட் ராம்னி என்று இந்தப் பட்டியல் நீளும்.

ஆனால் மார்மன் என்றாலே பலருக்கும் ஞாபகம் வருவது ஒன்றுதான்: "பல மனைவி கட்டிக்கிறவங்க". அந்த வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவருவதாக அவர்களுடைய சபை அறிவித்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்படியென்றால் இன்று அவர்கள் என்ன நம்புகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள்? இன்டர்நெட் காலத்தில் அந்தச் சமூகம் ஏன் இவ்வளவு கேள்விகளைச் சந்திக்கிறது?

யார் இவங்க?

'மார்மன்' என்பது மற்றவர்கள் வைத்த பட்டப்பெயர். சபையின் உண்மையான பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. தலைமையகம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டி. சபையின் கணக்குப்படி உலகம் முழுக்க 1.7 கோடிக்கும் அதிகமான உறுப்பினர்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்காவுக்கு வெளியே, குறிப்பாக லத்தீன் அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், ஆப்பிரிக்கா பகுதிகளில் இருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலில் இருக்கும் எல்லோரும் வாராவாரம் சபைக்குப் போகிறவர்கள் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2018-ல் சபைத் தலைவரான ரஸல் நெல்சன், 'மார்மன்' என்ற பெயரைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார். உலகப் புகழ்பெற்ற 'மார்மன் டாபர்நாக்கிள் கொயர்' பாடகர் குழுவே தன் பெயரை மாற்றிக்கொண்டது. ஆனாலும் உலகம் இன்னும் பழைய பெயரையே சொல்கிறது. புரிவதற்காக இங்கும் அதையே பயன்படுத்துகிறோம்.

எப்படி ஆரம்பிச்சது?

கதை 1820-ல் நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அப்போது அந்தப் பகுதியில் சபைக்குச் சபை போட்டி போட்டு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. எது உண்மையான சபை என்று குழம்பிய ஜோசப் ஸ்மித் என்ற 14 வயது விவசாயக் குடும்பத்துப் பையன், ஒரு தோப்பில் தனியாக ஜெபம் செய்தபோது பிதாவும் இயேசுவும் தனக்குத் தோன்றினார்கள், எந்தச் சபையிலும் சேர வேண்டாம் என்றார்கள் என்று பின்னாளில் சொன்னார்.

1823-ல் மரோனி என்ற தேவதூதர் வந்து, பக்கத்துக் குன்றில் புதைந்திருக்கும் தங்கத் தகடுகளைப் பற்றிச் சொன்னதாகவும், 1827-ல் அவை தன் கைக்கு வந்ததாகவும் ஸ்மித் அறிவித்தார். அதில் இருந்த எழுத்துகளைக் கடவுளின் உதவியால் மொழிபெயர்த்ததாகச் சொல்லி அவர் வாயால் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் எழுதினார்கள். தகடுகளைப் பார்த்ததாக 11 பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு தகடுகளைத் தேவதூதரே திரும்ப வாங்கிக்கொண்டார் என்பது நம்பிக்கை.

1830 மார்ச்சில் 5,000 பிரதிகளோடு புக் ஆஃப் மார்மன் வெளியானது. அச்சுக்கூலிக்காக மார்ட்டின் ஹாரிஸ் என்ற ஆதரவாளர் தன் பண்ணையை அடமானம் வைத்தார். அடுத்த மாதம், ஏப்ரல் 6 அன்று சபை முறைப்படி தொடங்கியது. அப்போது ஸ்மித்துக்கு வயது 24.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். நியூயார்க்கிலிருந்து ஒஹையோ, மிசூரி, இல்லினாய் என்று ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள். 1838-ல் மிசூரி ஆளுநர், மார்மன்களை ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் என்று உத்தரவே போட்டார். அந்த உத்தரவு அதிகாரபூர்வமாக ரத்தானது 1976-ல்தான். 1844-ல் ஸ்மித்தின் பலதார மணத்தை அம்பலப்படுத்திய ஒரு பத்திரிகையின் அச்சகத்தை உடைக்க நாவூ நகர நிர்வாகம் உத்தரவிட்டது. அந்த நகரின் மேயர் ஸ்மித். கைதாகிச் சிறையில் இருந்த அவரையும் அண்ணன் ஹைரமையும் ஒரு கும்பல் புகுந்து சுட்டுக்கொன்றது.

பெரும்பான்மையோர் பிரிகாம் யங் தலைமையில் மேற்கு நோக்கி நடந்தார்கள். 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். துரத்தப்பட்டோம், சேர்ந்து நின்றோம், பிழைத்தோம் என்ற இந்த நினைவுதான் மார்மன் சமூக ஒற்றுமைக்கு அடித்தளம். யூட்டாவில் ஜூலை 24 இன்றும் அரசு விடுமுறை.

புக் ஆஃப் மார்மன்ல என்ன இருக்கு?

கி.மு. 600 வாக்கில் லேகி என்ற தீர்க்கதரிசி எருசலேமை விட்டுக் குடும்பத்தோடு கிளம்பி, கப்பலேறி அமெரிக்கக் கண்டத்துக்கு வருகிறார். அவருடைய பிள்ளைகள் வழியில் நேபியர்கள், லாமானியர்கள் என்று இரண்டு மக்கள் கூட்டம் உருவாகி, தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுகிறது. உயிர்த்தெழுந்த இயேசு அவர்களுக்கும் தோன்றிப் போதிக்கிறார். கொஞ்ச காலம் சமாதானம், மறுபடியும் சண்டை, கடைசியில் நேபியர்கள் அழிகிறார்கள். இந்த வரலாற்றைத் தொகுத்தவர் பெயர்தான் மார்மன். தகடுகளைப் புதைத்தவர் அவருடைய மகன் மரோனி.

மார்மன்கள் பைபிளை ஓரம்கட்டிவிட்டார்கள் என்று நினைப்பது தவறு. அவர்களுக்கு வேதநூல் நான்கு: பைபிள், புக் ஆஃப் மார்மன், ஸ்மித்துக்கும் பின்வந்த தலைவர்களுக்கும் கிடைத்த வெளிப்பாடுகளின் தொகுப்பான 'டாக்ட்ரின் அண்ட் கவனன்ட்ஸ்', சிறிய நூலான 'பேர்ல் ஆஃப் கிரேட் பிரைஸ்'.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. மற்ற பெரும்பாலான கிறிஸ்தவர்களுக்கு வேதம் எழுதி முடிந்துவிட்டது. மார்மன்களுக்கு முடியவில்லை. சபையின் தலைவர் வெறும் நிர்வாகி இல்லை. மோசேயைப் போல வாழும் தீர்க்கதரிசி. கடவுள் அவரோடு இன்றும் பேசுகிறார், நாளை புதிதாக ஒன்றைச் சொல்லலாம். இந்த மதத்தின் பலமும் சிக்கலும் இந்த ஒரே நம்பிக்கையிலிருந்துதான் வருகின்றன.

மற்ற கிறிஸ்தவர்களோட எங்க வேறுபடுறாங்க?

இயேசுவை இரட்சகராக ஏற்கிறார்கள். அதனால் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்கிறார்கள். ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவக் கோட்பாட்டை அவர்கள் ஏற்பதில்லை. மூவரும் நோக்கத்தில் ஒன்று, ஆனால் தனித்தனி நபர்கள். பிதாவுக்கு உடலும் உண்டு.

மனித ஆன்மா பிறப்பதற்கு முன்பே கடவுளிடம் வாழ்ந்தது என்று நம்புகிறார்கள். பரலோகத் தகப்பனோடு பரலோகத் தாயும் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. மனிதன் படிப்படியாக உயர்ந்து கடவுளைப் போலவே ஆக முடியும் என்றும் சொல்கிறார்கள். இதனால்தான் கத்தோலிக்கம் உட்பட பல சபைகள் மார்மன் ஞானஸ்நானத்தைச் செல்லாது என்கின்றன.

ஒரு மார்மனோட வாரம் எப்படி இருக்கும்?

உள்ளூர் சபைக்கு 'வார்டு' என்று பெயர். பல வார்டுகள் சேர்ந்தால் 'ஸ்டேக்'. எந்த வார்டுக்குப் போகலாம் என்று பொதுவாக நாமே தேர்வு செய்ய முடியாது; வீட்டு முகவரி முடிவு செய்யும். வார்டை நடத்தும் பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. அவர் பல் டாக்டராக இருக்கலாம், அக்கவுன்டன்டாக இருக்கலாம். சில வருடங்கள் பொறுப்பில் இருந்துவிட்டு, பழையபடி சாதாரண உறுப்பினராகி விடுவார்.

பிஷப் மட்டுமல்ல, ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பது, பியானோ வாசிப்பது, வார்டில் உள்ள சில குடும்பங்களை அடிக்கடி விசாரித்து வருவது என்று ஏதாவது ஒன்று. ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் செய்வதும் உறுப்பினர்கள்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூட மைக் முன்னால் நின்று பேசும். மார்மன்கள் பலர் மேடையில் தயங்காமல் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம். மாதத்தில் ஒரு ஞாயிறு, வழக்கமாக முதல் ஞாயிறு, இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து அந்தக் காசை ஏழைகளுக்காகக் கொடுக்கிறார்கள். வேலை போனால் மளிகைச் சாமானில் இருந்து வீட்டு வாடகை வரை பிஷப் மூலம் உதவி கிடைக்கும். குழந்தை பிறந்தால் பக்கத்து வீடுகளிலிருந்து முறைபோட்டுச் சாப்பாடு வரும். புது ஊருக்குக் குடிபோனால் லாரியிலிருந்து சாமான் இறக்க வார்டு ஆட்கள் வந்து நிற்பார்கள்.

உணவுக் கட்டுப்பாடு 1833-ல் ஸ்மித் சொன்ன ஒரு வெளிப்பாட்டிலிருந்து வருகிறது. மது, புகையிலை, டீ, காபி எதுவும் கூடாது. கோக் குடிக்கலாம், ஹாட் சாக்லேட் குடிக்கலாம். கிரீம், சிரப் கலந்த சோடாக் கடைகள் யூட்டாவில் தெருவுக்குத் தெரு இருப்பதன் ரகசியம் இதுதான்.

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் பெயர்ப் பட்டையோடு இரண்டு இரண்டு பேராகப் போகும் இளைஞர்கள், மிஷனரிகள். ஆண்கள் 18 வயதிலிருந்து இரண்டு ஆண்டுகள், பெண்கள் ஒன்றரை ஆண்டு போகிறார்கள். சம்பளம் இல்லை, செலவைப் பொதுவாக அவர்களும் குடும்பமும் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த நாடு என்பதைச் சபை முடிவு செய்யும். வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போன் பேசலாம் என்ற அனுமதியே 2019-ல்தான் வந்தது.

ஆலயத்துக்குள்ள என்ன நடக்குது?

ஞாயிறு ஆராதனைக்கு யாரும் போகலாம். 'டெம்பிள்' என்ற ஆலயம் வேறு. பிரதிஷ்டைக்குப் பிறகு அதற்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். தசமபாகம் கொடுக்கிறீர்களா, டீ, காபி விலக்கியிருக்கிறீர்களா, தலைவரைத் தீர்க்கதரிசியாக ஏற்கிறீர்களா என்ற கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகுதான் சீட்டு.

ஆலயத்தில் செய்யும் திருமணம் மரணத்தோடு முடிவதில்லை, என்றென்றைக்கும் நிலைக்கும் என்பது நம்பிக்கை. கணவன், மனைவி, பிள்ளைகள் நிரந்தரமாக 'முத்திரையிடப்படுகிறார்கள்'. இறந்துபோன முன்னோர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறுவதும் இங்கேதான். அதை ஏற்பதா மறுப்பதா என்பது இறந்தவரின் விருப்பம் என்கிறார்கள். ஆனால் யூத இனப்படுகொலையில் இறந்தவர்களுக்கும் இப்படிச் செய்தது பெரும் கண்டனத்தைக் கிளப்பியது. அதை நிறுத்த 1995-ல் யூத அமைப்புகளோடு ஒப்பந்தம் போட வேண்டி வந்தது.

முன்னோர் பெயர் வேண்டும் என்பதால்தான் உலகின் மிகப் பெரிய வம்சாவளித் தரவுத்தளங்களில் ஒன்றான 'ஃபேமிலி சர்ச்' இந்தச் சபையின் கையில் இருக்கிறது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஹரித்வாரில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் இந்துக் குடும்ப வம்சாவளிப் பதிவேடுகளையும் யூட்டாவின் வம்சாவளிச் சங்கம் மைக்ரோஃபிலிம் எடுத்திருக்கிறது.

கடவுளோட வார்த்தை மாறுமா?

மாறியிருக்கிறது. இரண்டு பெரிய உதாரணங்கள்.

முதலாவது, பலதார மணம். 1852-ல் சபை இதை வெளிப்படையாக அறிவித்தது. கடவுளின் கட்டளை என்றது. அமெரிக்க அரசு சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டது. மத சுதந்திரம் இதற்குப் பொருந்தாது என்று 1879-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1887 சட்டம் சபையின் சொத்துகளிலேயே கைவைத்தது. 1890-ல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் வுட்ரஃப் இந்த வழக்கத்தைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார். 1896-ல் யூட்டாவுக்கு மாநில அந்தஸ்து கிடைத்தது. இன்று யாராவது இரண்டாவது மனைவி கட்டினால் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள். செய்திகளில் வரும் பலதார மணக் குழுக்கள், 1890-ஐ ஏற்காமல் பிரிந்துபோனவர்களின் வாரிசுகள்.

இரண்டாவது, நிறம். 1830-களில் எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவர் ஆசாரியத்துவம் பெற்றிருந்தார். ஆனால் 1852-ல் பிரிகாம் யங் கறுப்பின ஆண்களுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது என்று அறிவித்தார். கறுப்பின ஆண், பெண் இருவருக்கும் ஆலயச் சடங்குகளின் கதவும் மூடியது. ஸ்மித்தின் வீட்டிலேயே வாழ்ந்த ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண், ஆலயச் சடங்கு கேட்டு வருடக்கணக்கில் விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார். கிடைக்காமலேயே 1908-ல் இறந்தார்.

இதற்கிடையே சபை உலகெங்கும் பரவியது. கலப்பினப் பின்னணி சகஜமான பிரேசிலில் ஆலயம் கட்டத் தொடங்கியபோது, யாரை உள்ளே விடுவது என்பதே கேள்வியானது. நைஜீரியாவிலும் கானாவிலும் மிஷனரிகள் போவதற்கு முன்பே மக்கள் புத்தகத்தைப் படித்துத் தாங்களாகவே சபை நடத்திக்கொண்டிருந்தார்கள். 1978 ஜூனில் தலைவர் ஸ்பென்சர் கிம்பல், தடையை நீக்கும் வெளிப்பாடு கிடைத்ததாக அறிவித்தார். பழைய விளக்கங்களைச் சபை இப்போது நிராகரிக்கிறது.

விமர்சகர்கள் கேட்பது இதுதான்: அழுத்தம் வரும்போது மட்டும் வெளிப்பாடு வருகிறதே, எப்படி? விசுவாசிகளின் பதில்: கேள்வி கேட்டால்தான் கடவுள் பதில் சொல்வார், உலகம் அந்தக் கேள்வியை எழுப்பியது. ஆனால் விசுவாசிகளுக்குள்ளேயே பலரை உறுத்துவது வேறொரு கேள்வி. நேற்றைய தீர்க்கதரிசி 126 ஆண்டுகள் நீடித்த ஒரு தவறைத் தொடங்கிவைத்திருக்க முடியும் என்றால், இன்றைய தீர்க்கதரிசி சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது?

இன்டர்நெட் வந்த பிறகு என்ன ஆச்சு?

முன்பு நூலகத்தில் தேட வேண்டியிருந்த வரலாறு இப்போது மொபைலில் வந்து விழுகிறது. 2013 முதல் சபையே தன் இணையதளத்தில் சங்கடமான விஷயங்களைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிடத் தொடங்கியது. ஸ்மித்துக்கு 30 முதல் 40 மனைவிகள் வரை இருந்திருக்கலாம் என்று சபையே எழுதியபோது, வாழ்நாள் முழுக்க விசுவாசியாக இருந்த பலர் அதிர்ந்துபோனார்கள்.

அறிவியல் கேள்விகளும் உண்டு. அமெரிக்கப் பூர்வகுடிகளின் மூதாதையர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்கின்றன மரபணு ஆய்வுகள். லாமானியர்களே அவர்களின் முதன்மை மூதாதையர் என்றிருந்த புக் ஆஃப் மார்மன் முன்னுரை வரி, மூதாதையர்களில் அவர்களும் உண்டு என்று பின்னர் திருத்தப்பட்டது. ஆபிரகாம் எழுதியதாக ஸ்மித் மொழிபெயர்த்த எகிப்திய பாப்பிரஸின் துண்டுகள் 1967-ல் சபைக்குத் திரும்பக் கிடைத்தன. அவை எகிப்தியர்களின் இறுதிச்சடங்குக்கான நூல்கள் என்கிறார்கள் எகிப்தியவியல் அறிஞர்கள்.

பணமும் கேள்விக்குள்ளானது. பங்கு முதலீடுகளின் அளவை வெளியே தெரியாமல் மறைக்க ஷெல் நிறுவனங்களைப் பயன்படுத்தியதாக 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் நடவடிக்கை எடுத்தது. சபையும் அதன் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 50 லட்சம் டாலர் அபராதம் கட்டின. கஷ்டத்திலும் தசமபாகம் கொடுக்கும் குடும்பங்களுக்கு இது சாதாரணச் செய்தி இல்லை.

பெண்களுக்கு இன்றும் ஆசாரியத்துவம் கிடையாது. அதைக் கேட்டு இயக்கம் நடத்திய வழக்கறிஞர் கேட் கெல்லி 2014-ல் சபையிலிருந்து நீக்கப்பட்டார். தன்பாலினத் தம்பதிகளின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தைத் தடுக்கும் விதி 2015-ல் வந்தது, 2019-ல் திரும்பப் பெறப்பட்டது. தன்பாலினத் திருமணத்தை மட்டும் சபை இன்னும் ஏற்கவில்லை.

நம்பிக்கை போனால் வெளியே வந்துவிட வேண்டியதுதானே என்று தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். நண்பர்கள், குழந்தைகளின் விளையாட்டுத் தோழர்கள், கஷ்டத்தில் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் எல்லோரும் வார்டு ஆட்கள். ஆலய அனுமதிச் சீட்டு இல்லையென்றால் சொந்த மகளின் ஆலயத் திருமணத்தைக்கூட உள்ளே போய்ப் பார்க்க முடியாது. தாயும் தகப்பனும் வெளியேதான் நிற்க வேண்டும். எல்லோரும் பார்க்கும்படி முதலில் சிவில் திருமணம் செய்துகொண்டால், ஆலயத்தில் முத்திரையிட ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று அமெரிக்கா போன்ற நாடுகளில் இருந்த விதி 2019-ல் நீக்கப்பட்டது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். அன்பாக அணைத்துக்கொள்ளும் அதே சமூகம்தான், வெளியேறுகிறவருக்கு மிகப் பெரிய இழப்பாகவும் ஆகிறது.

இந்தியாவில இருக்காங்களா?

இருக்கிறார்கள், சிறிய எண்ணிக்கையில். இந்தத் தொடர்பு பழையது. 1853-லேயே ரிச்சர்ட் பாலன்டைன் உள்ளிட்ட மிஷனரிகள் மெட்ராஸ் வந்தார்கள். அங்கே ஒரு பத்திரிகைகூட நடத்தினார்கள். அதிக ஆதரவு கிடைக்கவில்லை. பாலன்டைன் அடுத்த ஆண்டே கிளம்பிவிட்டார்.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன் 1993-ல் தொடங்கியது. நாட்டின் முதல் ஸ்டேக் 2012-ல் ஹைதராபாத்தில் அமைந்தது. புக் ஆஃப் மார்மனுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. பெங்களூருவில் இந்தியாவின் முதல் ஆலயம் கட்டப்படும் என்று 2018 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பரில் கட்டுமானம் தொடங்கியது. நாட்டில் ஆலயம் இல்லாத காலத்தில் ஆலயத் திருமணம் வேண்டும் என்றால் ஹாங்காங் போன்ற வெளிநாட்டு ஆலயங்களுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

கூட வேலை பார்க்கிறவர் மார்மனா இருந்தா?

சில சின்ன விஷயங்கள் உதவும். டீம் லஞ்சில் காபி, பீர் வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், ஜூஸ் போதும். மாதத்தில் ஒரு ஞாயிறு விரதம் இருப்பார் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். 'பிற்காலப் பரிசுத்தவான்' என்ற பெயரை விரும்புகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆலயச் சடங்கு முடித்தவர்கள் சட்டைக்குள் அணியும் புனித உள்ளாடையைப் பற்றி ஜோக் அடிப்பது, பூணூலைக் கிண்டல் செய்வது போலத்தான். "உனக்கு எத்தனை மனைவி?" என்ற கேள்வியை அவர் ஏற்கெனவே நூறு முறை கேட்டிருப்பார்.

மிஷனரிகள் வீட்டுக் கதவைத் தட்டினால் பேசலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். பேசுவதாக இருந்தால் கஷ்டமான கேள்விகளையும் தாராளமாகக் கேட்கலாம். கேட்டால் பதில் கிடைக்கும் என்பதுதான், தோப்பில் ஜெபம் செய்த அந்தப் பதினான்கு வயதுப் பையன் காலத்திலிருந்து அவர்களுடைய மதம் சொல்லிவருவதும்.